மாப்பிள்ளை கொண்டுவந்த இரண்டு டயர்

செம்பியன் பஸ் கழுவுகிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தார். கடலூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, சேறும் சகதியுமாக நிற்கிற வண்டிகளுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். மற்றவர்கள் மேலிருந்து கீழாகக் கழுவிக்கொண்டு போவார்கள். இவர் சக்கரத்தண்டை உட்கார்ந்துவிடுவார். ஒரு டயர் நடுவில் மட்டும் ஏன் வழுக்கையாகியிருக்கிறது, இன்னொன்று உள்ஓரத்தில் மட்டும் ஏன் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, டிரைவர்களிடம் விசாரித்து, காற்று ஜாஸ்தியா குறைச்சலா, ஆக்சில் வளைந்திருக்கிறதா என்பதையெல்லாம் தேய்மானத்தை வைத்தே சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச காலத்தில் டயர் பிரிவே அவர் கைக்கு வந்துவிட்டது. புது டயர் எது வாங்குவது, எந்த வண்டிக்கு எதை மாட்டுவது, எதைக் கழிப்பது எல்லாம் அவர் சொல்வதுதான்.

அவருக்கு ஒரே ஒரு விதி இருந்தது. புதுசு முன்னாடி, பழசு பின்னாடி. வேலைக்கு வந்த புதிதில் விருத்தாசலம் சாலையில் வேறு யாருடைய பஸ்ஸோ முன் டயர் வெடித்து வயலுக்குள் கவிழ்ந்து கிடந்ததை அவர் நேரில் பார்த்திருந்தார். பின்னால் ஒரு டயர் வெடித்தால் அதன் ஜோடி டயர் தாங்கிக்கொள்ளும். முன்னால் வெடித்தால் ஸ்டியரிங் டிரைவர் கையில் நிற்காது. அன்றிலிருந்து முன் சக்கரம் இரண்டுக்கும் புது டயர்தான்; தேய்ந்ததற்கு மேல் ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போட்டது பின்னால்தான். சிக்கனம் பார்க்கச் சொன்ன மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். செம்பியன் அசையவில்லை. அந்த ஷெட்டுப் பஸ் எதுவும் முன் டயர் வெடித்து வழியில் நின்றதாகப் பேச்சே கிடையாது. அக்கம்பக்கத்து லாரிக்காரர்களும் அவரிடம் வந்து கேட்டுக்கொண்டு போவார்கள்.

அப்படிக் கேட்பவர்களில் ஒருவர் ஞானசேகரன். சிதம்பரத்தில் அரிசி மில் வைத்திருந்தார், சொந்த லாரி ஓடியது. 2009ஆம் வருடம் ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் அவர் செம்பியனை மில்லுக்கு வரச் சொன்னார். லாரிக்குத்தான் என்று நினைத்துப் போனவரைக் குடோனுக்குள் அழைத்துப் போய்த் தார்ப்பாயை உருவினார். செம்பியன் ஒரு அடி பின்வாங்கிவிட்டார்.

சிவப்பு நிறத்தில், இடுப்பு உயரம்கூட இல்லாமல் ஒரு கார். உள்ளே இரண்டு பேருக்குத்தான் இடம். கூரை என்று இருந்தது மடக்குகிற கான்வாஸ் துணி. முன்விளக்கு இரண்டும் தவளைக் கண்போலத் தூக்கிக்கொண்டு இருந்தன.

"இன்னா சார் இது, சாமி ஊர்வலத்துக்குச் செஞ்சதா?"

"ஸ்போர்ட்ஸ் காரு, செம்பியன். எம்.ஜி. அம்பத்தெட்டுல இங்கிலாந்துல செஞ்சது. ஊருக்குத் திரும்புன வெள்ளக்காரர்கிட்ட எங்கப்பா வாங்குனாரு. இஞ்சின் வேலயெல்லாம் முடிச்சாச்சு. டயரு மட்டும் நீங்க பாத்துச் சொல்லணும்."

"ஓட்டப் போறீங்களா?"

"நான் இல்ல. எம்பொண்ணு கயலுக்குக் கார்த்திகையில கல்யாணம். தாலி கட்டி சாப்பாடு முடிஞ்சதும் பொண்ணும் மாப்பிளையும் இதுலதான் கடலூர் போறாங்க. மாப்பிளயே ஓட்டறேன்னு சொல்லிட்டாரு."

கார்த்திகை மாதத்தில், மழைச் சாலையில், சிதம்பரத்திலிருந்து கடலூர்வரை, இந்தத் தவளையில் ஒரு புதுப் பெண். செம்பியன் குனிந்து டயரைப் பார்த்தார்.

"பட்டன் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு" என்றார் ஞானசேகரன்.

தரையில் படுகிற பட்டன் வரிகள் தேயாமல்தான் இருந்தன. செம்பியன் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் வைத்து அழுத்தினார். நகம்தான் மடங்கியது. டயரின் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தது.

"இது டயரு இல்ல சார். தேங்கா ஓடு. நாலயும் கழட்டிப் போட்டுடுங்க."

ஞானசேகரன் முகம் சுருங்கிப்போயிற்று. இந்த அளவு டயர் நம்மூரில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். செம்பியன் ரிம்மை அளந்து பார்த்தார். பதினைந்து அங்குலம். "அம்பாசிடர் டயரு உக்காரும்" என்றார்.

"இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்கு அம்பாசிடர் டயரா?"

"அம்பாசிடரு மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்? அதுவும் அந்த ஊரு வழியா வந்ததுதான்."

நான்கு அம்பாசிடர் டயர் வாங்குவது என்று முடிவாகி, முதலில் இரண்டு வாங்கியும் ஆயிற்று. இடையில் மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். காருக்கு டயர் தேடுகிறார்கள் என்று கயல்விழி போனில் சொல்லியிருக்கிறாள். அவர் அளவு கேட்டு, இரண்டு ரேடியல் டயரை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, துணிமணியைக் குறைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பதிலாக விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். நான்காகக் கொண்டுவர எடை இடம் கொடுக்கவில்லை.

ஞானசேகரனின் மனைவி சௌந்தரம் அந்த இரண்டையும் கூடத்தில் நிறுத்தி மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வீட்டில் அதற்குப் பெயரே மாப்பிள்ளை டயர் என்றாகிவிட்டது.

செம்பியனும் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸுக்கு அதுவரை அவர் நைலான் டயர்தான் போட்டிருந்தார்; வாங்கி வைத்த அம்பாசிடர் டயரும் நைலான்தான். இந்த ரேடியலின் பக்கவாட்டை அழுத்தினால் விரலுக்கு வளைந்து கொடுத்தது. ரப்பர் மெத்தென்று இருந்தது. நல்ல டயர். அவர் பார்த்ததிலேயே நல்ல டயர். எங்கே மாட்டுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"முன்னாடியே மாட்டுங்க" என்றார் சௌந்தரம். "சம்பந்தியம்மா வந்தா வந்ததும் கண்ணுல படணும்."

"முன்னாடிதாம்மா மாட்டணும்" என்றார் செம்பியன்.

மாப்பிள்ளை டயர் முன்னால், அம்பாசிடர் டயர் பின்னால். காற்று அளந்து வைத்து, மறுநாள் மறுபடி அளந்து, ஒரு பொட்டுகூடக் குறையவில்லை என்று உறுதி செய்துகொண்டபிறகே கீழே இறக்கினார். ஞானசேகரன் ஓட்ட, செம்பியன் பக்கத்தில் உட்கார, கடலூர்ப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. சாலை மட்டும் ஈரம்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி வண்டி நன்றாகத்தான் வந்தது. ஸ்டியரிங் விரலால் தொட்டாலே திரும்புகிறது என்று ஞானசேகரன் சந்தோஷப்பட்டுக்கொண்டார். ஆலப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வளைவில் ஆடு ஒன்று குறுக்கே இறங்கியது. வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஞானசேகரன் பிரேக்கைக்கூட மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், அவ்வளவுதான்.

முன்னால் இருந்த பனைமரங்கள் பக்கவாட்டில் ஓடின. பிறகு வயல் ஓடியது. பிறகு அவர்கள் கடந்து வந்த மைல்கல் நேர் எதிரே வந்து நின்றது. வண்டி சத்தமே இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, சிதம்பரத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. ஆடு புல் மேய்ந்துகொண்டிருந்தது.

பின்னால் மீன்கூடை கட்டிய மொபெட்டில் வந்த ஒருவர் பக்கத்தில் நிறுத்தினார்.

"இன்னா சார், வூட்டுல எதனா மறந்துட்டீங்களா? இப்படிப் பட்டுனு திரும்பிட்டீங்க?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ஞானசேகரன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, "என் மேலதான் தப்பு. பழக்கமில்ல" என்றார். செம்பியன் இறங்கி நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தார். பஞ்சர் இல்லை. காற்று வைத்தபடியே இருந்தது. நட்டு இறுக்கமாக இருந்தது. பிரேக் எங்கும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரு டயரும் கெடவில்லை. டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தால் அவருக்குப் புரியும். எல்லா டயரும் நன்றாக இருந்து, எல்லாம் அவர் சொன்ன இடத்தில் இருந்து, வண்டி ஏன் வாலைத் தலையாக்கிக்கொண்டு திரும்ப வேண்டும்?

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மில்லுக்கே வந்துவிட்டார். நெல் காயவைக்கிற சிமெண்டுக் களம் மழைக்காலமாதலால் காலியாகக் கிடந்தது. ஈரத்துக்கு லேசாகப் பாசி வேறு படிந்திருந்தது. காரை நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கும் பட்டனுக்குக் குறுக்கே ஆரம்பித்துப் பக்கவாட்டுவரை சாக்பீஸால் கோடு போட்டார். களத்தின் காய்ந்த ஓரத்தில் ஞானசேகரனை மெதுவாக வட்டம் அடிக்கச் சொன்னார். நிறுத்திப் பார்த்தால், மாப்பிள்ளை டயரில் பட்டன் மேல் இருந்த கோடு மட்டும் ஒரே சீராக அழிந்திருந்தது. அம்பாசிடர் டயரில் நடுவில் கோடு அரைகுறையாகத்தான் அழிந்திருந்தது. பட்டனும் பக்கவாட்டும் சேர்கிற வெளிப்பக்கத் தோள்பட்டையில்தான் முழுக்க அழிந்திருந்தது. அதாவது ரேடியல் தன் பக்கவாட்டை வளைத்துக்கொண்டு உள்ளங்கால் முழுவதையும் தரையில் வைக்கிறது. நைலான் விறைப்பாக நின்று, வளைவில் ஓரத்தை ஊன்றிக்கொண்டு போகிறது. முன்கால் கெட்டியாகப் பிடிக்கிறது, பின்கால் வழுக்குகிறது. வால் தலையை முந்திக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

"அப்ப மாத்தி மாட்டிப் பாக்கணும்" என்றார் செம்பியன்.

சொல்லிவிட்டாரே தவிர, அதை அவராலேயே நம்ப முடியவில்லை. நல்ல டயரைப் பின்னால் மாட்டுவதா? அன்றைக்குச் சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் நின்ற பஸ் எல்லாவற்றையும் ஒரு முறை சுற்றி வந்தார். முன்னாலும் நைலான், பின்னாலும் நைலான். ஒரே ஜாதி டயர் என்றால் அவருடைய விதிக்குப் பங்கமில்லை. இங்கேதான் ஜாதி வேறு. இதைத் தனக்குத் தானே மூன்று நான்கு தடவை சொல்லிக்கொண்ட பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார்.

ஞானசேகரனின் பயம் வேறு. "மாப்பிள டயரப் பின்னாடி தள்றதா? சம்பந்தியம்மா யாருன்னு தெரியுமா உங்களுக்கு? நிச்சயதார்த்தத்தன்னிக்கு வெத்தலக் காம்பு அவுங்க பக்கம் திரும்பி இருந்துச்சுன்னு தாம்பாளத்தையே திருப்பி அனுப்பினவங்க. பேசாம இப்படியே இருக்கட்டும். மெதுவா போங்கன்னு சொல்லிடலாம்."

"மெதுவாத்தான் சார் நாமளும் போனோம்."

மகள் உட்காரப்போகிற இடத்தில் அன்றைக்குச் செம்பியன் உட்கார்ந்திருந்தார் என்பது ஞானசேகரனுக்கு நன்றாக நினைவிருந்தது.

இரண்டு பேருமாக மஞ்சக்குப்பத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா அமராவதி, கணவர் போனபிறகு ஜவுளிக்கடையைத் தனியாக நடத்தி மகனைப் படிக்கவைத்தவர். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் அவர் எந்த விலைப் புடவை கேட்பார் என்று சொல்லக்கூடியவர். காப்பி கொடுத்தார், முழுவதும் கேட்டார், டம்ளரைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டார்.

"எம்புள்ள ஃபிளைட்டுல தூக்கியாந்தது பின்னாடி. நீங்க கடையில வாங்குனது முன்னாடி. அதத்தான சொல்ல வந்தீங்க?"

"அப்படி இல்லீங்க சம்பந்தி..." என்று ஞானசேகரன் இழுத்தார்.

"அம்மா, உங்க டயரு நல்ல டயரு. அதாம்மா பிரச்சன" என்றார் செம்பியன்.

"நல்லது முன்னாடி இருந்தா பிரச்சனையா? நல்லா இருக்குங்க நியாயம். எங்க கடையில நல்ல பொடவையெல்லாம் கண்ணாடி அலமாரியில முன்னாடிதான் வெப்போம். பின்னாடி வெக்கறது கழிச்சுக் கட்டுனது."

"நானும் இத்தினி வருசமா நீங்க சொல்றததாம்மா எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன். அந்த வண்டி சுத்துன சுத்துல எனக்கே பேச்சு நின்னுபோச்சு."

அமராவதி டம்ளர்களோடு எழுந்தார். "காட்டுங்க. எங்கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

அடுத்த நாளே குடையோடு மில்லுக்கு வந்து இறங்கிவிட்டார். டயர் பழையபடி மாப்பிள்ளை டயர் முன்னாலேயே இருந்தது. செம்பியன் அவரைக் களத்துக்கு வெளியே குடோன் வாசற்படியில் நிறுத்தினார். ஈரமும் பாசியுமாக இருந்த நடுக்களத்தில் ஞானசேகரன் வட்டமாக ஓட்டி வந்தார். சைக்கிள்காரன் முந்துகிற வேகம்தான். செம்பியன் கை காட்டியதும் காலை எடுத்தார். பின்பக்கம் சரசரவென்று வெளியே வந்து, வண்டி தட்டாமாலை சுற்றி, புகைக்குழாயை அமராவதியின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

குடை கீழே விழுந்தது. "ஐயோ சம்பந்தி!" என்று கத்திக்கொண்டு அமராவதி களத்துக்குள் ஓடினார். ஞானசேகரன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பேய் புடிச்ச வண்டியே வேணாம்! எம்புள்ளயும் வேணாம், உங்க பொண்ணும் வேணாம், இதுல யாரும் ஏறக் கூடாது. ஒரு வாடகக் காரு சொல்லுங்க போதும்."

ஞானசேகரன் முகம் செத்துவிட்டது. அப்பாவின் காரில் மகளை அனுப்ப வேண்டும் என்றுதான் அவர் இஞ்சினைப் பிரித்ததே. செம்பியன் யாரையும் பார்க்காமல் ஜாக்கியைப் போட்டுவிட்டார். முன்னால் இருந்ததைப் பின்னாலும், பின்னால் இருந்ததை முன்னாலும் மாற்றினார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு சக்கரமாக ரிம்மைத் துடைத்து, காற்றை அளந்து, இறுக்கி முடிக்கிறவரை அமராவதி போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

அதே இடம், அதே வட்டம். காலை எடுத்தார் ஞானசேகரன். வண்டியின் மூக்கு சற்று வெளிப்பக்கம் நழுவியது. வால் இருந்த இடத்தில் இருந்தது. வேகத்தைக் கூட்டச் சொன்னார் செம்பியன். மறுபடி. இன்னும் கொஞ்சம் கூட்டி மறுபடி. சுற்றவே இல்லை. விதியை மாற்றி மாட்டினவரும் அவர்தான், அதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றவரும் அவர்தான்.

"நிறுத்துங்க" என்றார் அமராவதி. முழங்கால் உயரக் கதவைத் திறந்து, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நீங்க எதுக்கு..." என்று செம்பியன் ஓடிவந்தார்.

"எம்மருமவ உக்காரப் போற எடம். நான் உக்காந்து பாக்காம எப்படி அனுப்பறது? ஓட்டுங்க சம்பந்தி. நான் இருக்கேன்னு உருட்டாதீங்க, முன்ன ஓட்டுன மாதிரியே ஓட்டுங்க."

மூன்று சுற்றுக்குப் பிறகு கொண்டை அவிழ்ந்து, மூக்குக் கண்ணாடி காதில் தொங்க அவர் இறங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சரி. பின்னாடியே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. கல்யாணத்தன்னிக்கு சந்தனம், குங்குமம், பூ எல்லாம் பின்னாடி டயருக்குத்தான் வெக்கணும். முன்னாடி டயருக்கு ஒரு பொட்டு வெக்கக் கூடாது. எங்க சனம் வந்தா எது எம்புள்ள டயருன்னு தெரியணும்."

"நாலும் ஒரே ஜாதியா இருந்தா இன்னும் நல்லதும்மா. அடுத்த தடவ வரப்ப தம்பிய இன்னும் ரெண்டு கொண்டாரச் சொல்லுங்க" என்றார் செம்பியன்.

"வரும், வரும். மொதல்ல இவுங்க ஒழுங்கா ஊரு போய்ச் சேரட்டும்."

முகூர்த்த நாளன்று மண்டபத்து வாசலில் கார் நின்றது. பின் டயர் இரண்டுக்கும் சந்தனம் அப்பி, சாமந்திச் சரம் சுற்றியிருந்தது. முன்பக்கம் மொட்டையாக இருந்தது. "வண்டியத் திருப்பி நிறுத்திட்டு பூசை போட்டுட்டானுங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். போட்டோக்காரர் எந்தப் பக்கம் நின்று எடுப்பது என்று தெரியாமல் காரை இரண்டு தடவை சுற்றி வந்தார். மாப்பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. களத்தில் தான் பார்த்ததை அமராவதி மகனுக்கு ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் பரிமாறியிருந்தார். தூறல் விழ ஆரம்பித்தது. கான்வாஸ் கூரையைப் போட்டுக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். ஆரத்தி எடுக்க வேண்டும் என்று அமராவதி அதற்கு முன்பே வேனில் கடலூருக்குப் போய்விட்டார்.

செம்பியன் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். இலையில் விழுந்ததெல்லாம் விழுந்தபடி இருந்தது. எதிரே ஞானசேகரன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பாயசத்தை விசாரிக்கிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். வெளியே மழை வலுத்தது. போன் அடித்ததும் அவர் கையிலிருந்து அது நழுவ, செம்பியன்தான் பிடித்துக் கொடுத்தார்.

"அப்பா, வந்துட்டோம்பா." கயல்விழியின் குரல் பக்கத்து இலைவரை கேட்டது.

"மாப்பிள நல்லா ஓட்டுனாராம்மா?"

"அவரு எங்க ஓட்டுனாரு? பாலத்துக்கிட்ட வந்ததும் கால் நடுங்குதுன்னு ஓரங்கட்டிட்டாரு. நான்தான் ஓட்டியாந்தேன். டிரைவர் சீட்டுலேருந்து நான் எறங்குனதப் பாத்துட்டு அத்தை ஆரத்தித் தட்டோட அப்படியே நிக்கறாங்கப்பா. எந்தப் பக்கம் சுத்தறதுன்னு தெரியலியாம்."

ஞானசேகரன் நாற்காலி தேடினார். இல்லாததால் பந்திப் பலகையிலேயே உட்கார்ந்தார். செம்பியன் போனை வாங்கிக்கொண்டார்.

"வளைவுல எப்படிம்மா இருந்துச்சு?"

"பின்னாடி கெட்டியா புடிச்சிக்கிச்சு அங்கிள். மூக்குதான் கொஞ்சம் வெளிய போவப் பாத்துது. காலப் பட்டுனு எடுக்காம ஒடிச்சேன், வந்துடுச்சு."

கோடு போட்டு, களத்தில் வட்டம் அடித்து அவர் கண்டுபிடித்ததை அந்தப் பெண் ஒரு வளைவில் கையால் தெரிந்துகொண்டிருந்தாள். செம்பியன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவளுக்கு அந்த வண்டிய ஓட்ட எப்படித் தெரியும்?" என்றார் ஞானசேகரன். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த சௌந்தரம் நின்றார். "நீங்க நெல்லு பாக்கப் போற அன்னிக்கெல்லாம் மில்லு களத்துல நாங்க ஓட்டிக்கிட்டுதான் இருந்தோம்."

"நாங்கன்னா? நாங்கன்னா யாரு?"

சௌந்தரம் செம்பியன் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.